ஆலை கைமாறும்போது நம் பணியாண்டுகள் யாருடைய கணக்கில் சேரும்? பணிநீக்க இழப்பீட்டில் எது நியாயம்?

கடைசல்காரன், கோவை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கோவைக்கு வடக்கே, பம்புசெட்டுக்கு உதிரிப்பாகம் செய்யும் ஓர் ஆலையில் 2008 அக்டோபரில் சேர்ந்தேன். அங்கே நிரந்தரத் தொழிலாளர்கள் 140 பேர். பேச்சு இன்னும் நடந்துகொண்டிருப்பதால் ஆலையின் பெயரை எழுதவில்லை. கடந்த டிசம்பர் கடைசி வாரத்தில், ஆலையை வெளிமாநில நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மூன்றாம் நாள் இரண்டாவது ஷிப்ட் முடிந்ததும் எங்களை ஆறு ஆறு பேராகக் கேன்டீனுக்கு அழைத்தார்கள்.

மேசையில் ஒவ்வொருவருக்கும் மூன்று தாள்கள் இருந்தன. முதல் தாள், "எனது சொந்தக் காரணங்களுக்காக" வேலையிலிருந்து விலகுவதாக நான் எழுதியதுபோல் தட்டச்சு செய்யப்பட்ட கடிதம். என் பெயரும் டோக்கன் எண்ணும் அதில் ஏற்கெனவே அச்சாகியிருந்தன, தேதிக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது. இரண்டாவது, 1,76,538 ரூபாய்க்கான காசோலையின் நகல். அது பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்று எழுதியிருந்தது. மூன்றாவது, புதிய நிறுவனத்தின் நியமன ஆணை. அதே பிரிவு, அதே மெஷின், அதே 24,000 ரூபாய் சம்பளம். சேர்ந்த தேதி மட்டும் 1 ஜனவரி 2026 என்றிருந்தது.

"பணம் கையில் வருகிறது, வேலையும் தொடர்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று மனிதவள அதிகாரி கேட்டார். அவர் கெட்டவர் அல்லர். அந்தக் கேள்வியை உண்மையாகவே கேட்டார். அந்த நேரத்தில் எனக்கும் பதில் தோன்றவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் நினைவுக்கு வந்தது. இருந்தாலும் கையெழுத்திடாமல் அவகாசம் கேட்டு வெளியே வந்தேன். அன்றிரவு 97 பேர் கையெழுத்திட்டார்கள், 43 பேர் இடவில்லை.

என் கேள்வி இதுதான். பதினேழு ஆண்டுகள் ஒரே இடத்தில் உழைத்தவனின் ஆண்டுகள் முதலாளி மாறியதும் எங்கே போகின்றன? வேலை தொடர்கிறது என்பதற்காக இழப்பீடு வேண்டாம் என்பது நியாயமாக இருக்கலாம். ஆண்டுகளும் தொடரவில்லை, இழப்பீடும் இல்லை என்றால் அதற்கு என்ன பெயர்?

---

ஓய்வுபெற்ற சமரச அலுவலர்

தம்பி, கையெழுத்திடாமல் வெளியே வந்தது நல்ல காரியம். முப்பது ஆண்டுகள் தொழிலாளர் துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் மேசையில் வைக்கப்பட்ட மூன்று தாள்களில் ஆபத்தானது முதல் தாள்தான்.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 25எஃப்எஃப் என்றொரு பிரிவு இருந்தது. ஒரு நிறுவனம் கைமாறும்போது, ஓராண்டாவது தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளி ஆட்குறைப்புக்கு உள்ளானவரைப் போலவே கருதப்பட்டு, முன்னறிவிப்பும் முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் பெற வேண்டும் என்பது பொதுவிதி. மூன்று நிபந்தனைகள் ஒருசேர நிறைவேறினால் மட்டும் அந்த இழப்பீடு தேவையில்லை. பணி இடையில் முறியக் கூடாது. பணி நிபந்தனைகள் முன்பைவிடக் குறையக் கூடாது. பின்னாளில் ஆட்குறைப்பு வந்தால், இடையில் முறிவே இல்லாததுபோல் பழைய ஆண்டுகளையும் சேர்த்து இழப்பீடு தரப் புதிய முதலாளி கடமைப்பட்டிருக்க வேண்டும். 21 நவம்பர் 2025 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் இதே ஏற்பாடு தொடர்கிறது.

இந்தப் பிரிவு வந்த வரலாற்றை அறிந்தால் அதன் நோக்கம் விளங்கும். மகாராஷ்டிரத்தில் பார்சி சிறு ரயில்பாதையைத் தனியார் நிறுவனம் ஒன்று நடத்திவந்தது. 1954இன் தொடக்கத்தில் அதை அரசு எடுத்துக்கொண்டது. தொழிலாளர்கள் இழப்பீடு கேட்டார்கள். ஆட்குறைப்பு என்பது தொடர்ந்து நடக்கும் நிறுவனத்தில் மிகுதியான ஆட்களை நீக்குவதையே குறிக்கும், நிறுவனம் மூடப்படுவதோ கைமாறுவதோ அதில் அடங்காது என்று 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பில் குற்றம் காண முடியாது. ஆனால் பத்துப் பேரைக் குறைத்தால் இழப்பீடு உண்டு, ஆலையையே மூடினால் இல்லை என்ற விபரீதம் அதனால் ஏற்பட்டது. அதைச் சரிசெய்யத்தான் 1957இல் கைமாற்றத்துக்கு ஒரு பிரிவையும் மூடலுக்கு ஒரு பிரிவையும் கொண்டுவந்தார்கள்.

"சொந்தக் காரணங்களுக்காக" என்று நீங்கள் கையெழுத்திட்டால் இவை எதற்குள்ளும் நீங்கள் வரமாட்டீர்கள். உங்களை யாரும் நீக்கவில்லை, நீங்களாகவே போனீர்கள் என்றாகிவிடும். 1,76,538 ரூபாய் என்பது உங்கள் பணிக்கொடை. அது நீங்கள் உழைத்துச் சேர்த்த பணம், எப்போது வேலையை விட்டாலும் உங்களுக்கு உரியது. அது இழப்பீடு ஆகாது. இழப்பீட்டைத் தனியாகக் கணக்கிட வேண்டும்: 24,000 ரூபாயில் 15 நாள் என்றால் 12,000, பதினேழு ஆண்டுகளுக்கு 2,04,000 ரூபாய். அந்த மேசையில் இல்லாத தாள் அதுதான்.

---

சிறுபட்டறை உரிமையாளர், கணபதி

இங்கே முதலாளி தரப்பிலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். 22 ஆண்டுகள் பட்டறை நடத்தி, 2021இல் மூடினேன். கடைசியில் என்னிடம் 18 பேர் இருந்தார்கள். சராசரியாக ஆளுக்கு ஒன்பது ஆண்டு, மாதம் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 நாள் கணக்கில் ஒருவருக்கு 63,000, பதினெட்டுப் பேருக்கு 11,34,000 ரூபாய். பணிக்கொடை அதற்கு மேல். ஆர்டர் இல்லாமல்தான் மூடுகிறேன். வங்கிக்கடன் வேறு தலைக்கு மேல் நிற்கிறது. பணம் இருந்திருந்தால் பட்டறையை ஏன் மூடப்போகிறேன்?

இரண்டு கடைசல் இயந்திரங்களையும் ஒரு மில்லிங் மெஷினையும் விற்றுத்தான் கொடுத்தேன். கொடுக்க வேண்டியது நியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. சட்டம் அந்தப் பணத்தைக் கேட்கும் நேரம்தான் தவறு என்கிறேன். தொழில் நன்றாக நடந்த ஆண்டுகளில் மாதாமாதம் ஒரு தொகையைத் தனியே எடுத்து வைக்கும்படி என்னைக் கட்டாயப்படுத்தியிருந்தால் வைத்திருப்பேன். கையில் ஒன்றுமில்லாத நாளில் மொத்தமாகக் கேட்பது சிறு தொழில்காரனின் வயிற்றில் அடிப்பதாகும். நஷ்டத்தில் மூடுகிறவனுக்குச் சட்டத்தில் தளர்வு உண்டா என்பதையும் ஐயா சொல்ல வேண்டும்.

---

ஓய்வுபெற்ற சமரச அலுவலர்

தளர்வு ஒன்று உண்டு. நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. முதலாளியின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட, தவிர்க்க முடியாத காரணங்களால் மூட நேர்ந்தால் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு மூன்று மாதச் சராசரி ஊதியம். ஆனால் நிதி நெருக்கடி, நஷ்டம், விற்காத சரக்குத் தேக்கம், குத்தகைக் காலம் முடிதல் ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டினால் அவை தவிர்க்க முடியாதவை ஆகமாட்டா என்று சட்டமே விளக்கம் கூறுகிறது. தொழிலின் லாபம் உரிமையாளருக்கு என்றால் தொழிலின் இடரும் அவருக்கே என்பது அதன் அடிப்படை.

மாதாமாதம் எடுத்து வைப்பது பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. பணிக்கொடைக்கு அந்த வழி இருக்கிறது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் குழுப் பணிக்கொடைத் திட்டத்தில் ஆண்டுதோறும் கட்டிவந்தால் கடைசி நாளில் கை பிசைய வேண்டியதில்லை. மூடல் இழப்பீட்டுக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. என் அனுபவத்தில் இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

---

அம்பைக்காரன்

குத்தகை என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் பக்கத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்டவை. 2028இல் குத்தகை முடிகிறது. 2024இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுக்கப்பட்டது. அங்கே பலருக்கு அது மூன்றாவது, நான்காவது தலைமுறை.

நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். லயன் வீட்டின் சுவரில், பிள்ளைகளின் உயரத்தைக் கரிக்கோடு போட்டுக் குறித்திருந்தார்கள். மூன்று தலைமுறைப் பிள்ளைகளின் கோடுகள் ஒரே சுவரில் இருந்தன. 15 நாள் என்று கணக்குப் போட்டாலும் 150 நாள் என்று போட்டாலும் அது சம்பளத்துக்கான கணக்குத்தான். மலையில் வேலை போனால் வீடு போகிறது, தண்ணீர் போகிறது, மருத்துவமனை போகிறது, அடுத்த வீடும் போகிறது. சமவெளியில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாலே இழப்பீட்டில் ஒரு பகுதி கரைந்துவிடும். இழந்த வீட்டுக்கு அந்த இழப்பீடு ஈடாவதில்லை. இதையும் நியாயம் பற்றிய பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

கணக்கர், ஈரோடு

இழையைத் தொடங்கிய நண்பருக்கு ஒரு செய்தி. நிறுவனங்களை வாங்கி விற்கும்போது கணக்குகளைச் சரிபார்க்கும் வேலையில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறேன். தொழிலாளர்களுக்குப் பெரும்பாலும் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நடந்துகொண்டிருக்கும் ஆலையை வாங்குகிறவர் கட்டடம், இயந்திரம், சரக்கு ஆகியவற்றை மட்டும் மதிப்பிடுவதில்லை. அந்த ஆலையின் பொறுப்புகளையும் மதிப்பிடுகிறார். தொழிலாளர்களின் சேர்ந்த தேதியும் சம்பளமும் கொண்ட பட்டியலை வாங்கி, பணிக்கொடைக்கு எவ்வளவு, சேர்ந்துள்ள விடுப்புக்கு எவ்வளவு என்று கணக்கிடுகிறார். தொழிலாளர்கள் பழைய பணிக்காலத்தோடு வருவதாக இருந்தால் அந்தத் தொகையை விலையில் குறைத்துக்கொள்வதுதான் வழக்கம். குறைக்க விரும்பாத விற்பவர், "ஆட்களின் கணக்கை முடித்துச் சுத்தமாகத் தருகிறேன்" என்று ஒப்புக்கொள்வார். அந்த "முடித்து" என்ற சொல்தான் உங்கள் கேன்டீன் மேசைக்குத் தாளாக வந்திருக்கிறது.

ஆகவே உங்கள் பதினேழு ஆண்டுகளும் அந்தப் பேரத்தில் இருந்தன. அவற்றுக்கு ஒரு விலையும் இருந்தது. விலையில் குறைந்திருந்தால் வாங்கியவர் அந்த ஆண்டுகளைச் சுமக்க வேண்டும். குறையவில்லை என்றால் விற்றவர் இழப்பீட்டோடு கணக்கை முடிக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் உங்களிடம் விலகல் கடிதம் வாங்கினால், இருவரில் ஒருவருக்கு உங்கள் பணம் மிச்சமாகிறது. வேறு விதமாக அந்தக் கணக்கு நேராகாது.

கைமாறும் நாள்வரை கட்டாமல் விட்ட வைப்பு நிதிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு என்பதையும் நினைவில் வையுங்கள். வைப்பு நிதிச் சட்டத்தில் 17பி என்று நாங்கள் அறிந்த பிரிவு அது. வாங்கியவரின் பொறுப்பு, அவர் பெற்ற சொத்தின் மதிப்பு வரை. வாங்குகிறவரின் வழக்கறிஞர் வைப்பு நிதிக் கணக்கைத் துருவித் துருவிப் பார்ப்பதற்குக் காரணம் இந்தப் பிரிவுதான். கைமாற்ற இழப்பீட்டுக்கும் இப்படியொரு பிடி இருந்தால், யார் சுமப்பது என்பதை விலை பேசும்போதே அவர்கள் தீர்த்துக்கொள்வார்கள்.

---

செங்கல்பட்டிலிருந்து

எல்லாரும் 15 நாள் பற்றிப் பேசுவதால் எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பர் 9ஆம் நாள் அறிவித்தது. மறைமலைநகர் ஆலையிலிருந்து கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. அந்த ஆலைத் தொழிலாளர்களுக்கு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சுமார் 115 நாள் மொத்தச் சம்பளம் தருவதாக நிறுவனம் சொன்னது. சட்டம் சொல்வதைப் போல ஏழு மடங்குக்கும் மேல். அதையும் போதாது என்று தொழிலாளர்கள் போராடிய பிறகு தொகை உயர்ந்தது.

அதே நிறுவனத்தின் குஜராத் சானந்த் வாகன ஆலையை டாடா மோட்டார்ஸின் துணை நிறுவனம் 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கி, 2023 ஜனவரியில் பொறுப்பேற்றது. அங்கே தகுதியுள்ள வாகன ஆலைத் தொழிலாளர்கள் அனைவருக்கும் வேலை தர முன்வந்தார்கள். ஒரே முதலாளி, இரண்டு ஆலைகள்: ஒன்றில் இழப்பீடு, மற்றொன்றில் வேலை.

எங்கள் ஊர்க்காரர்களிடம் கேட்டால், பெரும்பாலோர் சானந்தில் கிடைத்ததையே விரும்பியிருப்பார்கள். நாற்பது வயதில் பெரிய தொகையோடு வெளியே வந்தவர்கள் வீடு கட்டினார்கள், கடனை அடைத்தார்கள். ஆனால் அதே சம்பளத்தில் அடுத்த வேலை கிடைத்தவர்கள் மிகச் சிலரே. அதனால் எத்தனை நாள் சம்பளம் என்பதைவிட, அடுத்த வேலை கிடைக்கும்வரை எவ்வளவு காலம் ஆகும் என்பதை வைத்து இழப்பீட்டை நிர்ணயிப்பதே நியாயம் என்று நினைக்கிறேன். நாற்பத்தைந்து வயதுக்காரரையும் இருபத்தைந்து வயதுக்காரரையும் ஒரே அளவுகோலால் அளக்கிறோம்.

---

வத்தளையிலிருந்து ஒரு வாசகி

இலங்கையில் இதற்கு ஓர் அட்டவணையே உண்டு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறு காரணத்துக்காக வேலையை முடிவுறுத்துவதற்குத் தொழிலாளியின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், இல்லையேல் தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். இழப்பீட்டுக்கான சூத்திரம் 2005இல் வர்த்தமானியில் வெளியானது. முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். ஆறு முதல் 14 வரை இரண்டு மாதம், 15 முதல் 19 வரை ஒன்றரை மாதம், 20 முதல் 24 வரை ஒரு மாதம், 25 முதல் 34 வரை அரை மாதம். எல்லாம் சேர்ந்து 48 மாதங்களைத் தாண்டாது. ரூபாய்க் கணக்கிலும் ஓர் உச்சவரம்பு உண்டு, 12.5 இலட்சமாக இருந்ததை 2021இல் 25 இலட்சமாக உயர்த்தினார்கள்.

உங்கள் 17 ஆண்டுகளை இந்த அட்டவணையில் வைத்துப் பார்த்தேன். முதல் ஐந்துக்குப் பன்னிரண்டரை மாதம், அடுத்த ஒன்பதுக்குப் பதினெட்டு, கடைசி மூன்றுக்கு நாலரை, மொத்தம் 35 மாதச் சம்பளம். இந்தியக் கணக்கில் எட்டரை மாதம்.

ஆனாலும் எங்கள் அட்டவணையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பணியாண்டுகள் ஏற ஏற ஆண்டுக்கான விகிதம் குறைகிறது. செங்கல்பட்டு அன்பர் சொன்னதுபோல், வேறு வேலை கிடைப்பது கடினமாகும் வயதில்தான் விகிதம் கூட வேண்டும். என் தகப்பனார் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் 26 ஆண்டுகள் இருந்து, அது மூடப்பட்டபோது வெளியே வந்தார். கடைசி ஆண்டுகளுக்கு அரை மாதம்தான் என்று கேட்டதும், "கை தேர்ந்த பிறகுதான் விலை குறையுது" என்று சொன்னார்.

---

பெயர் வேண்டாம், ஒப்பந்தத் தொழிலாளி

நீங்கள் எல்லாரும் 17 ஆண்டு, 26 ஆண்டு என்று எழுதுகிறீர்கள். நான் ஒரே ஆலையில், ஒரே பேக்கிங் பிரிவில் பதினோரு ஆண்டுகள் வேலை செய்த பெண். என்னிடம் ஐந்து அடையாள அட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் காண்ட்ராக்டர் பெயர் வேறு, சேர்ந்த தேதியும் வேறு. புகைப்படத்தில் மட்டும் நான் கொஞ்சம் கொஞ்சமாக வயதாகிக்கொண்டே வருகிறேன்.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை காண்ட்ராக்டர் மாறுவார். நாங்கள் வெள்ளைத் தாளில் கையெழுத்திடுவோம். மறுநாள் அதே மேசையில் அதே அட்டைப்பெட்டிகளை மடிப்போம். ஐந்து ஆண்டு தொடர்ச்சி யாரிடமும் சேராததால் பணிக்கொடை என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. சென்ற ஆண்டு அந்தப் பிரிவையே மூடினார்கள். நிரந்தரத் தொழிலாளர்களோடு பேச்சுவார்த்தை நடந்தது, அவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான், அவர்கள் எங்களோடு சேர்ந்து சாப்பிட்டவர்கள். எங்கள் கடைசிக் காண்ட்ராக்டர் பத்து மாதக் கணக்குப் போட்டு, பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கோவை அண்ணாவிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்கள் ஆலையில் உங்களுக்கு இன்று நடக்கிற காரியம் எங்களுக்கு ஐந்து முறை நடந்தது. அப்போது யாரும் கேட்கவில்லை. பேச்சுவார்த்தைக்குப் போகும்போது உங்கள் ஆலையில் எங்களைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு போங்கள்.

---

கடைசல்காரன், கோவை

தங்கச்சி, நீங்கள் எழுதியதை நேற்றிரவு மூன்று முறை படித்தேன். எங்கள் ஆலையில் வார்ப்படப் பிரிவிலும் பேக்கிங்கிலும் 60க்கு மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். 43 பேர் கூடிப் பேசிய கூட்டத்தில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் எழவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கணக்கர் ஐயா சொன்னதை எங்கள் ஆட்களிடம் சொன்னேன். எங்கள் ஆண்டுகளுக்குப் பேரத்தில் ஒரு விலை இருந்தது என்று கேட்டதும், கையெழுத்திட்டவர்களில் நான்கு பேர் திரும்ப வந்து எங்களோடு உட்கார்ந்தார்கள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில்தான் கையெழுத்திட்டோம் என்றார்கள். இப்போது இரண்டு கேள்விகள். கையெழுத்திட்டவர்களுக்கு ஏதாவது வழி உண்டா? புதிய முதலாளி எங்களை எடுத்தே ஆக வேண்டும் என்று கேட்க முடியுமா?

---

ஓய்வுபெற்ற சமரச அலுவலர்

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். எடுத்தே ஆக வேண்டும் என்று கேட்க முடியாது. அனகாபல்லி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வழக்கில் 1962இலேயே உச்ச நீதிமன்றம் இதை முடிவு செய்துவிட்டது. கைமாற்றத்தின்போது தொழிலாளிக்கு உள்ள உரிமை, பழைய முதலாளியிடமிருந்து இழப்பீடு பெறுவது. இழப்பீட்டையும் வாங்கிக்கொண்டு, அதே பணித்தொடர்ச்சியோடு புதிய முதலாளியிடம் வேலையும் கேட்பது இரட்டைப் பயன் என்று நீதிமன்றம் கருதியது. பணம் அல்லது தொடர்ச்சி, இரண்டில் ஒன்று. அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே நானும் நினைக்கிறேன்.

அதே போல் உங்கள் சம்மதமின்றி உங்களைப் புதிய முதலாளியிடம் ஒப்படைக்கவும் முடியாது. கொல்கத்தா சால்ட் லேக் தொழிற்சாலை கைமாறிய வழக்கில் 2011இல் இதைத் தெளிவாகச் சொன்னார்கள்.

கையெழுத்திட்டவர்களைப் பொறுத்தவரை, வழி குறுகியதுதான், ஆனால் அடைந்துவிடவில்லை. 97 பேரின் விலகல் கடிதங்களிலும் ஒரே வாசகம், ஒரே அச்சு, ஒரே நாள், அதே நாளில் புதிய நியமன ஆணை என்பவற்றைச் சேர்த்துக் காட்டினால், அது தானாக எழுந்த விலகல் அல்ல என்று வாதிட இடமுண்டு. அவர்களும் தாமதிக்காமல் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இனி நடைமுறை. தனித்தனியாகவோ, 43 பேர் மட்டும் நிர்வாகத்தோடு நேரடியாகவோ ஒப்பந்தம் செய்தால் அது அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். பழைய சட்ட எண்ணால் அதை 18(1) என்போம். சமரச அலுவலர் முன்னிலையில் செய்யும் 12(3) ஒப்பந்தம் அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளர்களையும், பின்னால் சேருகிறவர்களையும் கட்டுப்படுத்தும். ஆகவே தொழிலாளர் உதவி ஆணையரிடம் மனுக் கொடுத்துச் சமரசப் பேச்சுக்கு அழையுங்கள். புதிய சட்டத்தில் எண்கள் மாறியிருந்தாலும் எங்கள் அலுவலகங்களில் இன்னும் இந்தப் பெயர்களில்தான் பேசிக்கொள்வார்கள்.

எந்தத் தாளிலும் "விலகல்", "விருப்ப ஓய்வு" என்ற சொற்கள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலையிழந்த, காப்பீடு பெற்ற தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) 2005 முதல் வேலையின்மைப் படி தருகிறது: முதல் 12 மாதம் ஊதியத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு. விருப்ப ஓய்வு பெற்றவருக்கு அது கிடையாது. பிற்காலத்தில் புதிய முதலாளி மூடினால், அன்று உங்கள் கையில் இருக்கும் தாளில் என்ன சொல் இருக்கிறது என்பதுதான் பேசும்.

இன்னொன்றையும் கவலையோடு சொல்கிறேன். மூடுவதற்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு முன்பு 100 தொழிலாளர்களாக இருந்தது. புதிய சட்டத்தில் அது 300. 140 பேர் உள்ள உங்கள் ஆலை அந்தப் பாதுகாப்புக்கு வெளியே போய்விட்டது. மறுதிறன் நிதி (வேலையிழந்தவர் வேறு திறன் கற்பதற்கான நிதி) என்று புதிதாக ஒன்று வைத்து, 15 நாள் ஊதியத்தை முதலாளி செலுத்த வேண்டும் என்றிருக்கிறார்கள். அதுவும் ஆட்குறைப்புக்கு மட்டும்தான், மூடலுக்கு இல்லை. 1957இல் எந்த விபரீதத்தைச் சரிசெய்தார்களோ அது இந்த ஓரிடத்தில் மீண்டும் நுழைந்திருக்கிறது. ஆறுதல் என்னவென்றால், இழப்பீட்டுக்கான 15 நாளை வேறு எண்ணிக்கையாக அறிவிக்கும் அதிகாரத்தைச் சட்டம் அரசுக்குத் தந்திருக்கிறது. சங்கங்கள் கேட்க வேண்டிய இடம் அது.

---

சிறுபட்டறை உரிமையாளர், கணபதி

ஐயா சொன்ன "இடரும் அவருக்கே" என்ற வார்த்தையை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். என் பட்டறையில் கடைசிவரை இருந்த மேஸ்திரி, நான் நஷ்டப்பட்ட மூன்று ஆண்டுகளில் சம்பள உயர்வு கேட்கவில்லை. அந்த மூன்று ஆண்டும் என் இடரில் அவரும் பங்கெடுத்திருக்கிறார். அதை நான் அன்று கணக்கில் எடுக்கவில்லை.

ஆனால் 18 பேர் வைத்திருக்கும் பட்டறைக்கும் கோடிக்கணக்கில் விற்பனையாகும் ஆலைக்கும் ஒரே விதி என்பதை இப்போதும் ஏற்க மாட்டேன். விற்கும்போது கையில் பணம் வருகிறது. மூடும்போது வருவதில்லை. விற்கிறவரிடம் 15 நாளுக்குப் பதில் 45 நாள் கேளுங்கள், நான் உங்களோடு நிற்கிறேன். மூடுகிற சிறு தொழிலுக்கு, பணிக்கொடைக்கு உள்ளதுபோல் ஆண்டுதோறும் கட்டும் ஒரு பொது நிதி வேண்டும். எனக்கு மாதம் ஓராளுக்கு 583 ரூபாய் ஆகியிருக்கும். அதை நான் கட்டியிருப்பேன்.

---

கணக்கர், ஈரோடு

583 என்பது சரியான கணக்கு. 7,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் அதுதான் வருகிறது. சம்பளம் உயர உயரப் பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதையும் சேர்த்தாலும் சுமக்க முடியாத தொகையாக எனக்குத் தோன்றவில்லை.

---

கடைசல்காரன், கோவை

நேற்று நடந்ததை எழுதுகிறேன். 47 பேர் சேர்ந்து மனித வளப் பிரிவுக்குப் போனோம். நியமன ஆணையை நாங்கள் மறுக்கவில்லை. சேர்ந்த தேதி என்ற இடத்தில் ஒவ்வொருவரும் தமது உண்மையான தேதியைக் கையால் எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தோம். என்னுடையதில் 13 அக்டோபர் 2008 என்று எழுதினேன். விலகல் கடிதத்தில் ஏற்கெனவே கையெழுத்திடாத 43 பேரும் அதை அப்படியே மேசையில் வைத்தோம். தேதியை ஏற்காவிட்டால், பழைய நிர்வாகம் பணிக்கொடையோடு 15 நாள் இழப்பீட்டையும் தந்து எங்கள் கணக்கை முடிக்க வேண்டும் என்று தனிக் கடிதம் கொடுத்தோம். அதிகாரி வாங்கிப் பார்த்துவிட்டு, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டு நகல் தரும்படி கேட்டோம். கொஞ்சம் யோசித்தார், பிறகு போட்டுத் தந்தார்.

மதியம் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். மனுவின் மூன்றாவது பத்தியில், இந்த ஆலையில் தொடர்ந்து வேலை செய்துவரும் 64 ஒப்பந்தத் தொழிலாளர்களின் உண்மையான பணிக்காலத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று சேர்த்திருக்கிறோம். அவர்களில் 22 பேர் தங்கள் பழைய அடையாள அட்டைகளை எல்லாம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு அம்மாவிடம் ஏழு அட்டைகள் இருந்தன, ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு இணைத்தோம்.

பேச்சுவார்த்தைக்கு வரும் 19ஆம் தேதி, காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். முடிந்ததும் இங்கே எழுதுகிறேன்.